தூணுக்கு யார் பொறுப்பு?

முப்பது வயதைத் தாண்டும் சென்னை அடுக்ககங்கள்: வெளியே பெயின்ட், உள்ளே துரு

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. மொத்தம் 24 வீடுகள். 1993-ல் கட்டிய கட்டடம், முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒருவர்கூடச் சாகவில்லை. சுவரில் விரிசல் ஓடுவதைப் பார்த்த குடியிருப்புவாசிகள் கட்டடம் விழுவதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள்.

அடுத்த சில நாட்கள் எல்லோரும் வாரியத்தைத் திட்டித் தீர்த்தோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் அதே வயதில், அதே காலத்து சிமென்ட்டிலும் கம்பியிலும் எழும்பிய தனியார் அடுக்ககங்கள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் அண்ணா நகரிலும் கோடம்பாக்கத்திலும் தெருத்தெருவாக நிற்கின்றன. அங்கே திட்டுவதற்கு வாரியம் கிடையாது. எட்டு ஓனர்களோ பதினாறு ஓனர்களோ இருப்பார்கள், ஒரு அசோசியேஷன், மாதச் சந்தா, ஒரு வாட்ஸ்அப் குழு. தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் ஏன் நின்றது, யார் காரை யார் மறித்து நிறுத்தினார்கள் என்று அந்தக் குழுவில் நாள் முழுக்கப் பேசுவார்கள். கீழ்த்தளத்துத் தூணில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைப் பற்றி யாராவது படம் எடுத்துப் போட்டால் இரண்டு கைகூப்பும் பொம்மைகள் வரும், அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

வீட்டுக்குள் இருக்கும் டைல்ஸ் என்னுடையது, வெளியே நிற்கும் தூண் எல்லோருடையது. எல்லோருடையதும் கடைசியில் யாருடையதும் இல்லை என்றாகிவிடுகிறது.

கடைசிக் கையெழுத்துக்குப் பிறகு

கட்டும்போது அரசு விடாப்பிடியாகக் கணக்குக் கேட்கிறது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் புரட்டினால் சாலை அகலத்துக்கு எத்தனை மாடி, பக்கவாட்டில் எவ்வளவு காலியிடம், எத்தனை கார் நிறுத்தம், மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்கே என்று எல்லாம் இருக்கும். பெரிய அடுக்ககம் என்றால் பணி முடிந்ததும் நிறைவுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் இணைப்பு எதுவும் வராது. சிறிய வீடுகளுக்கு இந்தப் பிடி அண்மையில் தளர்ந்திருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுபவர்கள் சுயசான்று கொடுத்தே உடனடி அனுமதி பெறலாம். இது நல்ல ஏற்பாடுதான். வாசலில் நின்று கையேந்தும் அலைச்சல் குறையும்.

கடைசிச் சான்றிதழில் கையெழுத்து விழுந்த பிறகு, அந்தக் கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று கேட்டு நடைமுறையில் யாரும் படியேறி வருவதில்லை. லிஃப்ட்டுக்கு மின் ஆய்வுத்துறை உரிமம் உண்டு. பள்ளிக்கூடம், விடுதி போன்ற பொதுக் கட்டடங்களுக்கு 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாசில்தாரிடம் உரிமம் வாங்க வேண்டும், அதற்குக் கட்டட உறுதிச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். (காகிதம் மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதற்கு 94 குழந்தைகளைப் பறித்த 2004 கும்பகோணம் தீ விபத்தே சாட்சி.) ஆனால் மனிதர்கள் உண்டு உறங்கிக் குழந்தை வளர்க்கும் அடுக்ககத்துக்கு இந்த அளவு கேள்விகூட இல்லை. மாநகராட்சி நோட்டீஸ் ஒட்ட வரும்போது கட்டடம் பெரும்பாலும் பார்த்தாலே பயமுறுத்தும் நிலைக்கு வந்திருக்கும்.

மும்பை இதில் நம்மை முந்திவிட்டது. அங்கே மாநகராட்சிச் சட்டத்தின் 353-பி பிரிவுப்படி, 30 வயதைத் தாண்டிய கட்டடத்தைப் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டிச் சான்று வாங்குவது உரிமையாளரின் கடமை. சிங்கப்பூரில் 1986-ல் ஹோட்டல் நியூ வேர்ல்ட் கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் சட்டம் வந்தது. குடியிருப்பு என்றால் பத்தாண்டுக்கு ஒருமுறை, மற்றவை என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டமைப்பு ஆய்வு கட்டாயம். நம்மிடமும் 2014-ல் மௌலிவாக்கம் நடந்தது. கட்டிக்கொண்டிருந்த 11 மாடி சரிந்து 61 பேர் மாண்டார்கள். கமிஷன் வந்தது, பக்கத்தில் நின்ற இன்னொரு பிளாக்கை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். புதிய கட்டடங்கள் பற்றி நிறையப் பேசினோம். பழைய கட்டடங்கள் பற்றிய பேச்சு அன்றும் எழவில்லை, இன்றும் எழவில்லை.

கம்பி எப்படிக் கெடுகிறது

கான்கிரீட் கல் மாதிரி, அது கெடாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உள்ளே நடப்பது வேறு.

புதிய கான்கிரீட் கடும் காரத்தன்மை உடையது. அந்தக் காரம் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கித் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெதுவாக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். அது கம்பியைத் தொடும் நாளில் காவல் போய்விடும். கம்பிக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கிறது என்பதுதான் கட்டடத்தின் ஆயுள். மேஸ்திரிகள் இதை ‘கவர்’ என்பார்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித்துண்டை முட்டுக்கொடுத்து கான்கிரீட் போட்ட இடங்களில் அந்த மூடாக்கு ஒரு விரல் அகலம்கூட இருக்காது.

சென்னையில் இதோடு உப்பும் சேர்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம், திருவொற்றியூர் எல்லாம் கடல்காற்றின் பாதையில் இருக்கின்றன. கலவைக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற தேசியத் தரநூல். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில், உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் கலவை போட்டார்கள் என்று நம்புவதற்கு நமக்கு ரொம்ப நல்ல மனது வேண்டும். அந்தத் தரநூலின் 1978 பதிப்பு கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்-15 தரத்தை அனுமதித்தது. 2000-ல் திருத்தியபோது குறைந்தபட்சம் எம்-20 என்றார்கள், கடலோரச் சூழலுக்கு எம்-30. அதாவது எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விதிப்படி நேர்மையாகக் கட்டிய அடுக்ககம்கூட இன்றைய கணக்கில் கடலோரத்துக்குப் போதாது. இதில் யாரும் ஏமாற்றவில்லை, விதியே அன்று அப்படித்தான் இருந்தது.

துருப்பிடித்த கம்பி வீங்கும். துருவுக்கு, அது தின்ற இரும்பைப்போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் வேண்டும். அந்த வீக்கம் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. தூணிலோ பீமிலோ கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக விரிசல் ஓடினால் அதற்கு இதுதான் பொருள். பூச்சில் சிலந்தி வலைபோலப் பரவும் மெல்லிய விரிசலுக்குப் பதற வேண்டாம். நேர்கோட்டு விரிசல், பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளென்ற சத்தம், இந்த மூன்றுக்கும் பதற வேண்டும்.

எங்கே பார்ப்பது? முதலில் கீழ்த்தளத்து கார் நிறுத்தத்துக்குப் போங்கள். தினமும் கார் கழுவும் தண்ணீர் தேங்கும் தூண்களின் அடிப்பகுதி, சம்ப்பை ஒட்டிய தூண், சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனியின் நுனி, மேல்நிலைத் தொட்டியின் அடித்தளம், குளியலறைக்குக் கீழே இருக்கும் கூரை. குளியலறையில் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, குழாய் ஓட்டி, செங்கல் ஜல்லியால் நிரப்பியிருப்பார்கள். குழாய் கசிந்தால் அந்தப் பள்ளம் குளமாகிவிடும். கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டுக் கதவைத் தட்டுவார், மேல்வீட்டுக்காரர் ‘எங்க வீட்டுல ஒண்ணும் இல்லையே’ என்பார். இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் இரண்டு வருடம் ஓடும். அந்த இரண்டு வருடமும் கம்பி நனைந்துகொண்டே இருக்கும்.

மொட்டைமாடியையும் பாருங்கள். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதித்த பழைய தளத்தில் ஓட்டுக்கு நடுவே இணைப்பு விட்டிருக்கும். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கும். நல்ல சகுனம் என்று யாரும் விட்டுவைக்க வேண்டாம், வேரோடு எடுங்கள். அதோடு, பிளாஸ்டிக் டேங்க் எத்தனை சேர்ந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். வீட்டுக்கு ஒன்று என்று எட்டு டேங்க் ஏற்றினால் வரைபடத்தில் இல்லாத எட்டு டன் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

கம்பி தெரிந்தால் நம் ஊர் வைத்தியம் ஒன்று உண்டு. சிமென்ட்டைக் குழைத்து அப்பி, மேலே புட்டி போட்டு, பெயின்ட் அடித்துவிடுவது. துருவை அப்படியே உள்ளே பூட்டி வைக்கும் வேலை இது. சில மழைக்காலத்துக்குள் அந்த ஒட்டு மொத்தமாக விழும், அப்போது கம்பி இன்னும் மெலிந்திருக்கும். ஒழுங்கான பழுதுபார்ப்பு வேறு. முதலில் முட்டுக்கொடுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். கம்பியின் பின்புறம் வரை கெட்ட கான்கிரீட்டை உடைத்தெடுத்து, துருவைச் சுரண்டி, மெலிந்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன் பிறகுதான் பாலிமர் கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ நிரப்ப வேண்டும். தூண் மிகவும் நலிந்திருந்தால் சுற்றிலும் ‘ஜாக்கெட்’ போட வேண்டியிருக்கும். இதைத் தீர்மானிப்பது பொறியாளரின் வேலை. பெயின்ட் கான்ட்ராக்டரிடம் அதை விடக் கூடாது.

தூண்களின் மேல் கட்டடத்தை நிறுத்தி, கீழே கார் விடும் அமைப்புக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் மடிந்து விழுந்த அடுக்ககங்களில் பல இந்த வகை. அதற்கு அடுத்த ஆண்டுதான் சென்னையை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்த்தினார்கள். அதற்கு முன் கட்டியவை பழைய கணக்கில் கட்டியவை.

நாமே செய்கிற மீறல்

பில்டரைக் குறை சொல்வது எளிது. குடியேறிய பிறகு நாம் செய்வதையும் பேச வேண்டும். பால்கனியை மூடி அறையாக்குகிறோம். ஹாலை அகலப்படுத்தச் சுவரை எடுக்கிறோம், ஏ.சி. குழாய்க்குப் பீமில் துளை போடுகிறோம். கார் நிறுத்தத்தைக் கடையாக்கி வாடகைக்கு விடுகிறோம். பக்கவாட்டு இடைவெளியில் ஷீட் போட்டு ஸ்டோர் ரூம் செய்கிறோம். எல்லாம் ‘சின்ன வேலை’ என்ற பெயரில் நடக்கிறது.

அரசும் இந்தப் பழக்கத்தை வளர்த்தது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28 வரை கட்டிய விதிமீறல் கட்டடங்களைப் பணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்தார்கள். பிறகு 113-சி வந்தது, கெடு தேதி 2007 ஜூலை 1. கெடு நகர்ந்துகொண்டே இருந்தால் மூன்றாவது கெடுவும் வரும் என்றுதானே மக்கள் எதிர்பார்ப்பார்கள்? 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த எண்ணத்துக்குக் கடிவாளம் போட்டது. காலம் கடந்துவிட்டது, நிறையச் செலவாகிவிட்டது என்ற காரணத்தால் விதிமீறல் செல்லுபடியாகிவிடாது என்றது. நிறைவுச் சான்றிதழைப் பார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்றும் சொன்னது. விற்கப் போகும்போதுதான் பலருக்கு இது உறைக்கும்.

2017 மே மாதம் வடபழனியில் நான்கு மாடி அடுக்ககம் ஒன்றின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. நிறுத்தியிருந்த இருசக்கர வாகனங்கள் எரிந்தன, புகை மேலேறியது. இரு குழந்தைகள் உட்பட நால்வர் இறந்தார்கள். உங்கள் கட்டடத்தின் ஈ.பி. மீட்டர் பலகை எங்கே இருக்கிறது, அதையொட்டி எத்தனை பைக் நிற்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் என்பதையும் கேளுங்கள். கீழே தீ பற்றினால் மேலே போவது ஒன்றுதான் வழி. துணி திருட்டுக்குப் பயந்து அதைப் பூட்டிவைத்திருக்கிறோம்.

இன்னொன்று, கழிவுநீர்த் தொட்டி. தொட்டிக்குள் மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் அசோசியேஷன் செயலாளரும்கூட வழக்கில் சேர்வார்கள். இப்படி நேரும் மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-ல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ‘பழக்கப்பட்ட ஆள்தான், அஞ்சு நிமிஷ வேலை’ என்று யார் சொன்னாலும் இயந்திர லாரியையே கூப்பிடுங்கள்.

பணம் என்று வரும்போது

அமெரிக்காவில் மயாமி அருகே சர்ஃப்சைடில் கடலை ஒட்டி நின்ற சாம்ப்ளைன் டவர்ஸ் 12 மாடி அடுக்ககம். 1981-ல் கட்டியது. நீச்சல் குளத் தளத்தின் அடியில் நீர்க்காப்பு கெட்டு கான்கிரீட் பெரிதும் சேதமாகியிருக்கிறது என்று 2018-லேயே பொறியாளர் எழுதிக் கொடுத்தார். அதன் பின் கூட்டம், விவாதம், யார் எவ்வளவு கொடுப்பது என்ற சண்டை, நிர்வாகிகளின் ராஜினாமா. ஒருவழியாக 1.5 கோடி டாலர் திரட்ட 2021-ல் முடிவெடுத்தார்கள். ஜூலை முதல் பணம் கட்ட வேண்டும். ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். வடிவமைப்பிலேயே குறை இருந்ததாகப் பின்னர் விசாரணையில் தெரிந்தது. ஆனால் எச்சரிக்கை கையில் இருந்தும் மூன்று ஆண்டு போனது பணத்தகராறில்தான்.

நம் அசோசியேஷன்களிலும் இதே சண்டை, தொகை மட்டும் சிறியது. மாதச் சந்தா வாட்ச்மேன் சம்பளத்துக்கும் மோட்டார் கரண்ட்டுக்கும் சரியாகிவிடும். பெரிய செலவு வந்தால் தலைக்கு இவ்வளவு என்று வசூல். வெளிநாட்டில் இருக்கும் ஓனர் பதில் போட மாட்டார், வாடகைக்கு விட்டவர் ‘டெனன்ட்டைக் கேளுங்க’ என்பார், தரைத்தளத்துக்காரர் ‘லிஃப்ட் செலவில் எனக்கென்ன’ என்பார். ஒரு எளிய கணக்கு போடுவோம். 12 வீடு, வீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தனி வைப்பு. ஆண்டுக்கு 1,44,000. பத்தாண்டில் வட்டியில்லாமலே 14 லட்சத்துக்கு மேல். தூணைப் பார்க்கவும் சரிசெய்யவும் கையேந்த வேண்டியிருக்காது.

இப்போது ஒரு புதிய சாக்கும் சேர்ந்திருக்கிறது: ‘எப்படியும் ரீடெவலப்மென்ட்டுக்குத்தானே போகப்போகுது, இதுக்கு எதுக்குச் செலவு?’ 2022-ல் இயற்றிய அடுக்ககச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தபிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். ஒற்றை ஆள் பிடிவாதத்தால் கட்டடமே முடங்கிக் கிடந்த நிலைக்கு இது நல்ல தீர்வு. ஆனால் குறுகலான தெருவில், அனுமதித்த அளவைத் தாண்டி ஏற்கெனவே கட்டிவிட்ட இடத்தில், புதிதாகக் கூடுதல் பரப்பு கிடைப்பது அரிது. பில்டருக்கு லாபமில்லாத இடத்துக்கு அவர் ஏன் வருவார்? வந்தாலும் பேச்சுவார்த்தையே ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை அந்தத் தூண்களின் கீழேதான் குழந்தைகள் கிரிக்கெட் ஆடப்போகிறார்கள். என் கணிப்பில், சென்னையின் பழைய அடுக்ககங்களுக்கு இன்று முதல் எதிரி கடல் உப்பு அல்ல, இந்த ரீடெவலப்மென்ட் கனவுதான்.

கட்டடம் புதிது என்றால் உங்களுக்கு ஒரு பிடி உண்டு. ரெரா சட்டத்தின்படி ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளை பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நான்காவது ஆண்டின் முடிவில் ஒரு பொறியாளரை அழைத்துப் பார்த்து, குறைகளை எழுத்தில் அனுப்புவது புத்திசாலித்தனம்.

பழைய கட்டடக்காரர்கள் ஆய்வு செய்பவரையும் வேலை செய்பவரையும் ஒரே ஆளாக வைக்க வேண்டாம். பழுதுபார்க்கும் நிறுவனம் ‘இலவச இன்ஸ்பெக்‌ஷன்’ என்று வந்தால் எதையாவது விற்கத்தான் வரும். பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளருக்குத் தனிக் கட்டணம் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். கண்ணால் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதித் தருவது போதாது. மீயொலிச் சோதனை, கம்பித் துருவை அறியும் மின்னழுத்தச் சோதனை, தேவைப்படும் இடத்தில் கான்கிரீட்டைத் துளைத்தெடுத்து நொறுக்கிப் பார்ப்பது, இவற்றில் எதைச் செய்யப்போகிறார் என்று முன்பே கேளுங்கள். ஃபினாஃப்தலீன் தெளிக்கும் சோதனை மலிவானது, நீங்களே நின்று பார்க்கலாம். உடைத்த கான்கிரீட்டில் காரம் இருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறமின்றி நிற்கும். அந்த நிறமில்லாத பட்டை கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதே கேள்வி.

அரசு செய்ய வேண்டியது ஒன்றே. 30 வயதைத் தாண்டிய ஒவ்வொரு அடுக்ககத்துக்கும் கட்டமைப்பு ஆய்வைக் கட்டாயமாக்கி, அறிக்கையை மாநகராட்சித் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். சொத்து வரி ரசீதுக்கு ஆன்லைனில் வழி செய்ய முடிந்தவர்களுக்கு இது முடியாத காரியமல்ல. செலவைத் தாங்க முடியாத சிறு அடுக்ககங்களுக்குக் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் லஞ்சத்துக்கு இன்னொரு கதவைத் திறப்பதோடு முடிந்துவிடும்.

அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் அசோசியேஷனின் அடுத்த பொதுக்குழுவில் பெயின்ட்டுக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வந்தால், பொறியாளரின் அறிக்கை கைக்கு வரும்வரை அதை ஒத்திவைக்கச் சொல்லி எழுந்து பேசுங்கள்.